உப்பு நீர் வேண்டாம், நிக்கலுக்கு மாறுங்கள்: மலையக இரசாயனவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

கண்காட்சிகளில் 'நீரிலிருந்து ஐதரசன்' செய்துகாட்டக் கறியுப்புக் கரைசலும் எவர்சில்வர் கரண்டியும் வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உப்பு நீரில் அனோட்டில், அதாவது நேர் மின்வாயில், குளோரீனும் வரும். குளிருக்காக யன்னல்களைச் சாத்திய வகுப்பறையில் அதைச் சுவாசிப்பது பிள்ளைகள்தான். எவர்சில்வர் அனோட்டு கரையும். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் நீரில் சேரலாம். மஞ்சளான அக்கரைசல் வடிகானுக்கோ தண்ணீர்ப் பீலிப் பக்கமோ போகவே கூடாது.

பதிலுக்கு நிக்கல் மின்வாய்கள். 250 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டைச் சிறிது சிறிதாக இடுங்கள். வில்லைகளின் மேல் நீரை ஊற்றாதீர்கள். கண்ணாடிக் கிண்ணம் போதும், அலுமினியம் ஆகாது. எல்லோருக்கும் காப்புக் கண்ணாடி வேண்டும். பற்றரி ஒட்டும் நிக்கல் பட்டியில் பல, நிக்கல் பூசிய உருக்கே. காந்தம் இரண்டையும் இழுக்கும், ஆகவே அது சோதனையாகாது. உப்புத்தாளால் தேய்த்து ஒரு நாள் உப்பு நீரில் போடுங்கள். துருப்பிடித்தால் அது உருக்கு.

இங்கே நிக்கல்தான் ஊக்கி, தாக்கத்தை எளிதாக்கும் பொருள். குமிழி எண்ணுவது ஊக்கியை அளப்பதல்ல. 4.5 வோல்ற்று மூலத்தோடு இறையோதற்றை (மாறும் தடையை) இணைத்து மின்னோட்டத்தை 0.1 அம்பியரில் நிலையாக வைத்து, கலத்தின் வோல்ற்றளவை வாசியுங்கள். நீரைப் பிரிக்க அறிமுறையில் 1.23 வோல்ற்றுப் போதும். அதற்கு மேலே செலவாவதில் பெரும்பகுதி மின்வாய்களின் மந்தம். முதலில் பென்சில் காரீயம், பிறகு அதே பரப்பளவில் நிக்கல். காரீய அனோட்டு தானே ஒட்சியேறிக் கரித்தூளாக உதிரும், ஒட்சிசனும் குறையும். பின்னர் இரும்பு(III) நைத்திரேற்றின் ஐதான கரைசலில் இரண்டு துளியை எடுத்துக் கிண்ணத்தில் விடுங்கள். நிக்கல் ஒட்சைட்டில் இரும்பு புகுந்ததும் ஒட்சிசன் வெளியேற்றம் எளிதாகும், வோல்ற்றளவு இறங்கும். விலையுயர்ந்த பிளாற்றினமின்றி ஊக்கியின் வேலையைப் பிள்ளை எண்ணாகவே காணும் இடம் இது. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

மின்னைத் துண்டித்த பிறகும் வோல்ற்றுமானி காட்டுமே, அதை உடனே 'எரிபொருட் கலம்' என்று எழுதவிடாதீர்கள். அனோட்டில் உருவான நிக்கல் ஒட்சி ஐதரொட்சைட்டு ஒரு மின்கல அடுக்கைப் போல மின்னிறங்குகிறது. உண்மையான எரிபொருட் கலத்துக்கு ஐதரசன், ஒட்சிசன் இரு வாயுக்களும் ஊக்கியில் தாக்கமுற வேண்டும். புரோத்தன்களைக் கடத்தும் மென்சவ்வுள்ள சிறு கலம் பாடசாலையில் இருந்தால் அதற்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே: ஊற்று நீரின் கல்சியமும் இரும்பும் மென்சவ்வில் புரோத்தன்களின் இடத்தைப் பிடித்துவிடும், பிறகு கழுவினாலும் முழுமையாகத் திரும்பாது.

இன்னொன்று, மேட்டுநிலத்துக்கே உரியது. நுவரெலியாவில் வளியமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபசுக்கால். 0.1 அம்பியரை 30 நிமிடம் செலுத்தினால் நியம நிலைக் கணக்கில் ஐதரசன் 21 மில்லிலீற்றர்; அங்கே 15 பாகையில் நீராவியோடு சேர்த்து 28 வரை சேரும். பிள்ளை சரியாக அளந்திருக்கும். நியம நிலையில் ஒரு மூல் வாயுவுக்கான 22.4 லீற்றரைக் கொண்டு அந்த விடையைப் பிழையென்று வெட்டாதீர்கள்.

அன்புடன்,
மின்னிரசாயனத்தில் ஈடுபட்டுள்ளோர்