தோட்டத்து மண்ணை மூட வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எஸ்டிமேட் வந்து சேர்ந்தது. கிணற்றடியிலிருந்து பின்வாசல் வரைக்கும் தோட்டம் முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டால் கூட்டுகிற வேலை மிச்சம், பூச்சி பொட்டு அண்டாது, கல்யாணம் காட்சி என்றால் பந்தி போட இடமும் ஆச்சு என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் பாதிப் பங்கு உன்னுடையது. கேட்க உனக்கு எல்லா உரிமையும் உண்டு. போனில் பதில் சொன்னால் "சரிண்ணே, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெருவிலேயே இன்னும் நாலு வீட்டில் இதே பேச்சு நடக்கிறது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதுகிறேன்.

நீ கடைசியாக வந்தது புரட்டாசியில், அதுவும் ஒன்றரை நாள். அப்போது தோட்டம் பார்க்கிற மாதிரி இல்லைதான். மழைக்கு முந்தின காய்ச்சல், காலெல்லாம் சருகு. இப்போது பங்குனி பிறந்து பத்து நாள் ஆகிறது. இந்த மாதத்துத் தோட்டத்தை நீ பார்த்துப் பல வருஷம் இருக்கும்.

விடியுமுன்னே குயில் ஆரம்பித்துவிடுகிறது. மாமரத்து உச்சியில் காக்கை கூடு கட்டக் குச்சி சுமக்கிறது. அந்தக் கூட்டில்தான் குயில் திருட்டுத்தனமாக முட்டையிடப் போகிறது. உனக்கு நினைவிருக்கும், அது ஐயா, நம் தாத்தா, வைத்த மரம். 1942-இல் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போன சமயம், கடையையும் கணக்குப் புத்தகத்தையும் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர், வந்த வருஷமே வைத்த கன்று. எண்பது வருஷத்துக்கு மேலாகியும் தை பிறந்தால் பூக்கத் தவறுவதில்லை.

இந்த வருஷம் தையில் இலை தெரியாமல் பூத்தது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் அதில் பெரும்பங்கு ஆண் பூ, பிஞ்சு பிடிக்கிற பூ கொஞ்சம்தான். மாசி முழுக்க மரத்தைச் சுற்றி ஈ மொய்த்தது. மருந்து அடிக்கச் சொல்லி ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. மாம்பூவுக்கு மகரந்தம் சுமக்கிற வேலையில் ஈக்களுக்குத்தான் பெரிய பங்கு. அவற்றைக் கொன்றுவிட்டுக் காய்க்கு எங்கே போவது? இப்போது பிஞ்சு பட்டாணியிலிருந்து கோலிக்குண்டு வரைக்கும் பல அளவில் தொங்குகிறது. காலையில் கூட்டும்போது விளக்குமாற்றுக்கு முன்னால் உதிர்ந்த பிஞ்சு உருண்டு ஓடும். உதிர்வதைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் மரம் தன்னால் தாங்க முடிந்ததை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். பூக்கிற வரை தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, பிஞ்சு பிடித்த பிறகு வாரம் ஒருமுறை பாய்ச்சுகிறேன்.

தண்ணீரை எங்கே விடுகிறேன் என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். தூரில் விடுவதில்லை. கிளை எவ்வளவு தூரம் நிழல் போடுகிறதோ அந்த ஓரத்தில் வட்டப்பாத்தி வெட்டி விடுகிறேன். தண்ணீர் உறிஞ்சுகிற மெல்லிய வேர் அங்கேதான் மேல்மண்ணில் பரவியிருக்கிறது. நம் தோட்டத்தில் இரண்டடி தோண்டினால் செம்புறாங்கல் தட்டும், அதற்கு மேலே இருக்கிற செம்மண்தான் அந்த வேருக்குச் சோறு. நீ போடச் சொல்கிற பேவர் பிளாக் சரியாக அந்த இடத்தில் வருகிறது. மரத்தை வெட்டச் சொல்லவில்லையே என்று நீ கேட்பாய். மூச்சை அடைத்துவிட்டு அப்படிச் சொல்ல முடியுமா, தம்பி?

அப்புறம் மழை. இந்த வீட்டைக் கட்டியவர்கள் மழையை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று இங்கே தங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் வளவு முற்றத்தில் விழும். முதல் மழையில் ஓடு கழுவப்பட்டதும் அண்டா வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் தரைக்கு அடியில் இருக்கிற கால்வாய் வழியாகத் தோட்டத்துக்கு வந்து கிணற்றைச் சுற்றி இறங்கும், அதையும் மீறினால் ஊரணிக்குப் போகும். மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று அரசு சொன்னது 2003-இல். நம் வீட்டில் அது நூறு வருஷமாக நடக்கிறது. நமக்குப் பெய்கிற மழையில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரத்தில் மண்ணுக்குள் போனதுதான் இந்தப் பங்குனியில் வாளியில் வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன் கிழக்குச் சந்தில் மட்டும் சிமெண்ட் போட்டோமே, அது என்ன ஆயிற்று என்று உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. கொத்தனார் வாட்டம் சரியாகப் பார்க்கவில்லை. நானும் நின்று பார்க்கவில்லை. அந்தக் கார்த்திகையில் தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் சந்திலேயே நின்று, சுவர் அடியில் ஊறி, மூன்றாங்கட்டுச் சாமான் அறைக்குள் வந்துவிட்டது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய அந்தச் சுண்ணாம்புச் சுவரில், சின்ன வயதில் நாம் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்ப்போம், நினைவிருக்கிறதா? அதே சுவர் இடுப்பு உயரத்துக்குப் பொரிந்து உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் காற்றில் விட்டுவிடும். அடியில் சிமெண்ட் இறுக்கிப் பிடித்தால் ஈரம் மேலேதான் ஏற வேண்டும். போன வைகாசியில் அந்தச் சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டேன். செலவு என்னுடையது, கணக்கில் எழுதவில்லை. இப்போது அங்கே பிரண்டை படர்ந்திருக்கிறது.

மல்லிகை பற்றிச் சொல்ல வேண்டும், ஆத்தா வைத்த கொடி அது. மார்கழியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தேன். மண்ணைக் கொத்தி ஆட்டுப்புழுக்கை போட்டேன். மாசிக் கடைசியில் துளிர் நுனியெல்லாம் மொட்டு. நடுவில் சில மொட்டு ஊதா நிறமாக மாறி உள்ளே ஓட்டை விழுந்தது. மொட்டுப்புழு. வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தேன். அடங்கிவிட்டது. இப்போது சாயங்காலம் நாலரை மணிக்கு உன் அண்ணமிண்டி (அண்ணி) ஓலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு போனால் அது நிறைந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை முதல் சரம் மாரியம்மனுக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. பொழுது சாய்ந்து பின்கட்டுத் திண்ணையில் அவள் தொடுக்க, ஒவ்வொரு மொட்டாக அவள் மடியிலேயே விரிவதைப் பார்த்தேன். உன்னிடம் காட்ட வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

வேம்பும் இப்போதுதான் பூக்கிறது. ராத்திரி மரத்தடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டால் காலையில் வேட்டி தெரியாது. காம்பு நீக்கி முற்றத்தில் காயவைக்கிறோம். ஒரு முறம் பூ காய்ந்தால் ஒரு கைப்பிடிதான் வருகிறது. சித்திரை பிறப்பு அன்றைக்குப் பச்சடிக்கு எடுத்தது போக, உனக்கு ரசத்துக்கு ஒரு டப்பா தனியாக வைத்திருக்கிறேன். கூழ் வத்தலும் மோர்மிளகாயும் மச்சில் காய்கிறது, அது எல்லா வருஷமும் உள்ள வேலை.

காய்கறி மாசிப்பட்டத்தில் போட்டேன். முதல் விதைப்பு முழுக்க மயிலுக்குப் போயிற்று. வெண்டை இரண்டு இலை விட்ட அன்றைக்கே மூன்று மயில் பின்சுவர் மேல் வந்து உட்கார்ந்து, வரிசை பிடித்துக் கொத்தித் தின்றுவிட்டது. விரட்ட மனம் வரவில்லை, குன்றக்குடியான் வாகனம் ஆயிற்றே. மறுபடி விதைத்து, உன் அண்ணமிண்டியின் பழைய கண்டாங்கிச் சேலையைச் சுற்றிக் கட்டினேன். காற்றில் சேலை படபடவென்று அடிப்பதால் கிட்டே வருவதில்லை. இப்போது வெண்டை மூன்று வாரச் செடி. பாகல், பீர்க்கு விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டேன், பந்தலில் ஏற ஆரம்பித்துவிட்டது. எலுமிச்சைக்குப் பக்கத்தில் பூச்சு இல்லாத மண்கலயத்தைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்திருக்கிறேன். கலயத்துச் சுவர் வழியே கசிகிற ஈரம் மூன்று நாளைக்குப் போதுகிறது. கிணறு இறங்குகிற மாதத்தில் அது பெரிய உதவி.

நீ பயப்படுகிற பாம்பு விஷயத்தைச் சாதாரணமாகத் தள்ளவில்லை. உன் பிள்ளைகள் வந்து ஓடி விளையாடுகிற இடம். பின்சுவர் ஓரம் குவிந்து கிடந்த விறகையும் உடைந்த ஓடுகளையும் அப்புறப்படுத்திவிட்டேன். ராத்திரிக்கு இரண்டு விளக்கு போட்டாயிற்று. நடக்கிற பாதையை மட்டும் தினம் கூட்டி வைக்கிறோம். நீ பார்த்துப் பயந்தது சாரை. விஷம் கிடையாது, எலி தின்கிறது. போதாததற்கு ஒரு கீரியும் கிணற்றுப் பக்கம் குடியிருக்கிறது.

பந்திக்கு இடம் வேண்டும் என்றால் வளவும் பட்டாலைக் கூடமும் இருக்கிறது, அப்பச்சி, நம் அப்பா, உன் கல்யாணத்துக்கு அங்கேதான் போட்டார்கள். பாதைக்கு மட்டும் செம்புறாங்கல் பலகையை மண்மேல் இடைவெளி விட்டுப் பதிக்கலாம், அதற்குச் சம்மதம். எஸ்டிமேட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு. கொடுக்க மறுத்தால் அந்தத் தொகையை நான் தருகிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு லீவு போட்டுப் பிள்ளைகளோடு வா. குன்றக்குடி போய்விட்டு வந்து இரண்டு நாள் இங்கே இரு. பின்வாசல் பூட்டு துருப்பிடித்துவிட்டது, மாற்றியிருக்கிறேன். புதுச் சாவி என்னிடம் இருக்கிறது. வருகிற ரயிலைச் சொல், காரைக்குடி ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்