துணி இல்லாமல் ஓடிய இயந்திரம்

அன்புள்ள கயல்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்: "அம்மா, கொவிட் சமயத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு நீங்கள் அழுவீர்கள்தானே?" நான் மெல்பர்ன் குளிரைப் பற்றி விசாரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். ஆமாம், அழுதேன். பாதி நாள் அந்த இயந்திரத்தில் துணியே இருக்காது.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியா எல்லையை மூடியது. இரண்டு வாரம்தானே என்று நினைத்தேன். சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் நம் மாடித் தாழ்வாரத்தில் நின்றால் எல்லைக்கு அப்பால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் அம்மாச்சி தனியாக இருந்தார். கடற்பாலத்தைத் தாண்டிப் போக வழியில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி திறந்தது 2021 நவம்பர் 29ஆம் தேதிதான். அதுவரை ஒவ்வொரு மாலையும் அவரை அழைத்துப் பேசியது நீ. அவர் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று, சமையல் வேலை இருப்பதாகச் சொல்லித் தப்பித்தது நான். பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் அதையும் ஏற்றினேன்.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கேயும் கட்டுப்பாடுகள் தொடங்கின. மறுநாள் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. அப்பாவின் டாக்சி கீழே சும்மா நின்றது. ஒரே சாப்பாட்டு மேசையில் நீ, உன் தம்பி, கணக்குப் பார்க்கும் நான். நீ கேமராவை அணைத்தே வைத்திருக்கிறாய் என்று ஆசிரியரிடமிருந்து செய்தி வந்ததும், சோம்பேறி என்று திட்டி உன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லவேளை, எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். என்ன புத்தியோ!

ஓராண்டு கழித்துத் தம்பிதான் சொன்னான். நானும் அப்பாவும் பணத்துக்காகச் சண்டை போடுவது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் கேமராவை அணைத்தாயாம். சத்தம் கூடும்போது உன் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டிவிடுவாயாம். அவனுக்கு அப்போது ஏழு வயது. அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தான்.

அந்த ஏப்ரலில்தான் மன உளைச்சலில் இருப்பவர்கள் பேசுவதற்கென்று தேசியப் பராமரிப்புத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. எண்ணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். நமக்கு அப்படி என்ன வந்துவிட்டது, பெரிய கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தாளின் மேல் நீயும் தினமும் கண்ணை ஓட்டியிருப்பாய். அம்மாவே அழைக்காதபோது நீ எப்படி அழைப்பாய்?

என்னை மன்னித்துவிடு என்று நேரில் சொல்ல வாய் வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாச்சி மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறார். அங்கே விமான நிலையத்தில் விடுவார்களா என்று கேட்டுச் சொல். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு. முகம் காட்ட மனமில்லை என்றால் கேமராவை அணைத்துக்கொண்டே பேசு. நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா