நாலு மோட்டரையும் மாற்றிப்போடாதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. மாரி மழை பிடித்துக்கொண்டால் இங்கே எழுத்து வேலை எல்லாம் பின்னுக்குப் போய்விடும், உனக்குத் தெரியாததா? மகளுக்குப் பெண் குழந்தை என்று வாசித்ததும் மனிசி இப்போதே அக்கரைப்பற்றுக்கு வெளிக்கிட நின்றாள். தைப்பொங்கல் கழியட்டும், வருகிறோம்.

சரி, உன் காருக்கு வருவோம். கதவு லொக் வேலை செய்யவில்லை, கதவுகளைப் பூட்டித் திறக்கிற நாலு மோட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள் கராஜில் என்று எழுதியிருந்தாய். பொறு. ஒரு சதமும் கொடுக்காதே. போன வருசம் நான் பட்ட பாடு இதுதான்.

என்னுடையதும் உன்னுடையதைப் போல 1996ஆம் ஆண்டுக் கார்தானே. முதலில் ஒரு நாள் பூட்டும், மறுநாள் பூட்டாது. பிறகு ஒரு மழை நாள், கல்லடிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நாலு கதவுக் குமிழ்களும் தாமாகவே டக் டக்கென்று ஏறி இறங்கத் தொடங்கிவிட்டன. பின்னால் இருந்த மனிசி பிள்ளையாரைக் கூப்பிட்டாள். அதற்கு அடுத்த கிழமை எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயிற்று. நானும் ஒரு கராஜை நம்பி ஒரு மோட்டரை மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் காத்தான்குடிப் பக்கம் ஒரு வயரிங் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் கதவைத் தொடவே இல்லை. "நாலும் ஒன்றாகவா நின்றது, ஒவ்வொன்றாகவா?" என்று கேட்டார். ஒன்றாகத்தான் என்றேன். "அப்ப நாலு மோட்டரும் பேசி வைத்து ஒரே நாளில் மௌத்தானதோ?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பியூஸைப் பார்த்தார், நல்லாக இருந்தது. ட்ரைவர் கதவைத் திறந்து, கதவுக்கும் கார் பொடிக்கும் நடுவில் வயர்கள் போகிற றப்பர் குழாயைப் பிடித்தார். என்னை லொக் சுவிட்சை அமத்தச் சொல்லிவிட்டு அந்தக் குழாயை அங்குமிங்கும் அசைத்தார். டக்! நாலு கதவும் பூட்டின. றப்பரைக் கழற்றிப் பார்த்தால், ஒரு வயரின் செம்பு உள்ளே அறுந்திருக்கிறது, மேல்தோல் மட்டும் முழுசாக நிற்கிறது. இன்னொன்று இரண்டு மூன்று இழையில் தொங்குகிறது. ஆகக் கூடுதலாகத் திறந்து மூடுவது ட்ரைவர் கதவைத்தான். ஒவ்வொரு தடவையும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் மடிந்து நிமிர்கின்றன. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அது எப்படித் தாங்கும்? அறுந்த முனைகள் கடற்காற்றுக்குப் பச்சையாகவும் போயிருந்தன.

முறுக்கி டேப் சுற்றுகிற வேலைக்கு மட்டும் விடாதே, இரண்டு மாதத்தில் திரும்ப அறும். பாஸ் பழுதான துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நல்லாக வளையக்கூடிய புது வயர் போட்டார். வயரை இணைத்த மூட்டு, மடிகிற இடத்தில் வராமல் தள்ளி வைத்து, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற குழாயை மேலே ஏற்றினார். அரை நாள் வேலை.

ஒரு கதவு மட்டும் மக்கர் பண்ணினால்தான் மோட்டரைச் சந்தேகப்படு. அதிலும் புதுசு வாங்க முதல், மோட்டரின் பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து 12 வோல்ட்டை ஒரு கணம் தொட்டுப் பார். வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். பூட்டுவதும் திறப்பதும் அப்படித்தான். மோட்டர் ஓடியும் குமிழ் அசையாவிட்டால் லொக்கில் கிறீஸ் காய்ந்திருக்கும். என் இடது பின்கதவில் அது மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. கழுவிப் புதுக் கிறீஸ் பூசியதும் சரி.

கதவின் உட்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் பொலித்தீனைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டு. நான் அவசரத்தில் அப்படியே விட்டேன். மழைத்தண்ணி உள்ளே இறங்கிக் காபெற் நாறிப்போயிற்று, மனிசி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பிளாஸ்ரிக் கிளிப்பும் அரை டசின் வாங்கி வை. பழசு எப்படியும் உடையும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போனபோது பின்சீற்றிலிருந்து அம்மாவால் கதவைத் திறக்க முடியவில்லை. இதுவும் லொக் பிழைதான் என்று பாஸைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். பார்த்தால், பேரப்பிள்ளைகள் கதவு ஓரத்தில் இருக்கிற சின்ன நெம்பைத் தட்டி விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் திறக்காமலிருக்க வைத்திருக்கும் பூட்டு, அம்மாவைப் பூட்டி வைத்துவிட்டது. நீயும் அதை ஒருக்கால் பார்.

காரை விற்கலாமோ என்றும் கேட்டிருந்தாய். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறியதை நீயே கண்டாய். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் அந்த வரியோடு புதுசு வாங்க நம்மால் ஏலுமா? வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மருமகனைச் சுவிட்சை அமத்தச் சொல்லிவிட்டு நீ றப்பரை அசைத்துப் பார். என்ன நடந்தது என்று உடனே எழுது. பேத்திக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்றும் எழுது, அதை மட்டும் விட்டுவிட்டாய்.

உன் பழைய கூட்டாளி