நீ இங்கே வருவதற்குள்

பிட்ஸ்பர்க்
மார்ச் 29

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மொட்டை சொன்னான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்று உனக்கே தெரியும், அதனால் நீ ஒரு வரி எழுது. தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

போனில் சொல்லலாம் என்றால் நீ மோட்டார் ரூமில் நின்றுகொண்டு "அப்புறம், அப்புறம்" என்று கத்துவாய். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

போன சனிக்கிழமை குக் ஃபாரஸ்ட் போயிருந்தேன். இங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேரம், கிளாரியன் ஆற்றங்கரையில் இருக்கும் மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைக்காதே, அசல் காடு. பென்சில்வேனியாவில் கோடாரிக்குத் தப்பிய பழங்காடு கொஞ்சம்தான் மிச்சம், அதில் இது ஒன்று. 1644-இல் வறட்சியும் தீயும் வந்துபோன நிலத்தில் முளைத்த வெள்ளைப் பைனும் ஹெம்லாக்கும் இன்னும் நிற்கின்றன. மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்டபோது கன்றாக இருந்த மரங்கள்!

தன்னார்வலர்களாக நாலைந்து பேர் ஹெம்லாக் மரங்களைப் பரிசோதிக்கப் போனோம். குளிர் முடிந்து வசந்தம் தொடங்கும் இந்த நாட்களில்தான் அந்த மரத்தின் சத்தை உறிஞ்சும் பூச்சி கண்ணுக்கு நன்றாகத் தெரியும். முந்தின ராத்திரி பேய்க்காற்று. உச்சிக் கிளைகளிலிருந்து ஒடிந்த சுள்ளிகள் பாதையெல்லாம் கிடந்தன. அத்தனை உயரத்தில் என்ன நடக்கிறது என்று கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, விழுந்த சுள்ளியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். இலை அரை அங்குலம்தான் இருக்கும், மேலே கரும்பச்சை, அடியில் இரண்டு வெள்ளைக் கோடு. எடுத்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. ஓடையோரம் ஒன்றைத் திருப்பினால், இலை சுள்ளியோடு சேரும் இடத்திலெல்லாம் இலவம்பஞ்சைக் கிள்ளி ஒட்டிய மாதிரி வெள்ளை உருண்டைகள். அந்தப் பக்கத்து மரங்களில் அதுவரை பூச்சி இல்லை. மாப்ளே, வயிறு கலங்கிவிட்டது.

நீ பார்த்தால் மாவுப்பூச்சி என்பாய். ஏறக்குறைய அதே வழிதான். உல்லி அடெல்ஜிட் என்று பெயர், ஜப்பானிலிருந்து வந்து 1951-இல் வர்ஜீனியாவில் தென்பட்டது. இங்கே இதில் ஆண் பூச்சியே கிடையாது. பெண்ணே தனியாக முட்டையிட்டு வருஷத்துக்கு இரண்டு தலைமுறை பெருகிவிடுகிறது. மரம் சுள்ளியில் சேர்த்துவைத்திருக்கும் சத்தை உறிஞ்சும். அப்புறம் புதுத் துளிர் வராது, இலை சாம்பல் நிறமாகி உதிரும், சில வருஷங்களில் மரம் போய்விடும். முந்நூறு வருஷ மரம்! கடுங்குளிர் அடித்தால் பூச்சி கூட்டமாகச் சாகும். ஆனால் குளிர்காலம் வரவர இளகிக்கொண்டே போகிறது. குக் ஃபாரஸ்டுக்குள் இது 2013-இலேயே வந்துவிட்டது.

என்ன மருந்து என்று கேட்பாய். சொன்னால் என்னைத் திட்டுவாய். இமிடாகுளோபிரிட். ஆமாம், நீ உன் தோட்டத்து எல்லைக்குள்ளேயே விடாத அதே சாமான். இலையில் தெளிப்பதில்லை, அடிமரத்தைச் சுற்றி மண்ணுக்குள் அளந்து செலுத்துகிறார்கள். வேர் இழுத்து உச்சிவரை கொண்டுபோகும், சில வருஷங்களுக்குத் தாங்கும். ஓடை அருகே ரொம்ப எச்சரிக்கை. ஹெம்லாக் காற்றில் மகரந்தம் பரப்பும் மரம், தேன் தேடி வண்டு அதனிடம் வருவதில்லை. இதையெல்லாம் கேட்டபிறகும் உனக்குப் பிடிக்காது, எனக்கும் முழுமனசு இல்லை. ஆனால் இந்த மரங்களை இழப்பதா, மண்ணில் மருந்து விடுவதா என்றால் நான் மருந்தின் பக்கம்தான். வந்ததும் சண்டை போடு, தயாராக இருக்கிறேன்.

உனக்குப் பிடிக்கிற பாதியும் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி வந்து உன் தோப்பு வெளுத்துக் கிடந்தபோது, 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவந்து விட்டார்களே, ஞாபகம் இருக்கும். அதே யோசனைதான் இங்கேயும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இந்தப் பூச்சியையே தின்று வாழும் லாரிகோபியஸ் என்ற குட்டி வண்டைக் கிழக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். குளிர்காலத்தில்தான் அதற்கு விருந்து. ஆனால் பப்பாளியில் நடந்ததுபோல மளமளவென்று நடக்கவில்லை. வண்டு பெருகும்வரை மரம் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குத்தான் மருந்து.

ஏன் இந்த மரத்துக்கு இத்தனை பாடு என்றால், இதன் நிழலில்தான் ஓடைத் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருக்கிறது. புரூக் டிரவுட் மீன் அந்தத் தண்ணீரில்தான் பிழைக்கும். இன்னொன்று, தோல் ஷாப்பு வாடையில் வளர்ந்த நமக்கு மட்டும் உறைக்கிற விஷயம். நம்மூரில் தோல் பதனிட ஆவாரம்பட்டை என்ன வேலை செய்ததோ, அந்த வேலையை இங்கே ஹெம்லாக் பட்டை செய்தது. வசந்தத்தில் மரத்துக்குள் நீரோட்டம் ஏறியதும் பட்டை சுலபமாக உரியும். மரத்தைச் சாய்த்துப் பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு, எத்தனையோ இடங்களில் அடிமரத்தை அப்படியே மக்கப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 1900 வாக்கில் மாநிலத்தில் மலை மலையாக மொட்டை. ஜோசப் ராத்ராக் என்ற டாக்டர் ஊர் ஊராகப் போய் இதைப் பேசி, 1895-இல் முதல் வன ஆணையரானார். வெட்டி எறிந்த நிலத்தை அரசாங்கம் வாங்கிக் காடாக விட்டது. இன்று மாநிலக் காடு மட்டும் 22 லட்சம் ஏக்கர், பூங்காக்கள் நூற்றுக்கும் மேல். எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. குக் ஃபாரஸ்டை 1927-இல் மாநிலம் வாங்கியபோது ஜனங்களும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இத்தனை பேர் பாடுபட்டு மீட்டதை ஒரு பஞ்சுப் பூச்சிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, நீ ஏப்ரல் கடைசியில் வருகிறாய். நயாகராவும் நியூயார்க்கும் ஓடிப்போய்விடாது, முதல் சனிக்கிழமை என்னோடு காட்டுக்கு வா. மரங்கள் இலை விடுவதற்கு முன்னால் தரையில் வெயில் விழும் சில வாரங்களுக்குள் டிரில்லியமும் டிரவுட் லில்லியும் பூத்து முடித்துவிடும், அந்தச் சமயத்துக்குச் சரியாக வருகிறாய். இப்போதே சேற்றில் ஸ்கங்க் கேபேஜ் பூத்திருக்கிறது. அது தன் உடம்புச் சூட்டிலேயே பனியை உருக்கிக்கொண்டு வெளியே வரும், மோந்து பார்த்தால் அழுகிய நாற்றம். நம்ம சேனைக்கிழங்குக்குப் பங்காளி, ஒரே குடும்பம். சாயங்காலமானால் கட்டைவிரல் நகமளவு தவளைகள் காது அடைக்கக் கத்துகின்றன. பாப்பா குதிப்பாள்.

ஆனால் கேட்டுக்கொள். பாதை சேறாக இருந்தால் சேற்றிலேயே நட, ஓரமாக ஒதுங்காதே. ஒவ்வொருவரும் ஒதுங்கித்தான் பாதை அகலமாகிப் பூச்செடியெல்லாம் மிதிபடுகிறது, ஒரு டிரில்லியம் முளைத்துப் பூக்கவே பல வருஷம் ஆகும். ஹெம்லாக் கிளையை உரசிக்கொண்டு போகாதே. நீ வரும் சமயம் பூச்சியின் குஞ்சுகள் பொரித்து ஊர்ந்துகொண்டிருக்கும், சட்டையில் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போய்விடும். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ள வேண்டும், இங்கே மான் உண்ணி கடித்தால் லைம் காய்ச்சல் வரும். ராத்திரி பாப்பாவின் காது மடலுக்குப் பின்னால், முடிக்குள் எல்லாம் பார்த்துவிடலாம்.

அப்புறம், பீடி. சிறுமலையில் தேன்கூட்டுக்கு நீ புகை போட்ட கதையை மொட்டை இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம். இலை துளிர்க்காத காட்டில் வெயில் நேரே சருகில் விழும், காற்றும் கூடச் சேரும். இந்த மாநிலத்தில் காட்டுத்தீ அதிகமாகப் பிடிப்பது மார்ச்சிலிருந்து மே வரைக்கும், அநேகமாக எல்லாமே மனுஷன் வைத்ததுதான். குரங்கணி எரிந்ததும் 2018 மார்ச்சில்தான். அன்று ராத்திரி போடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் நீ, நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் எடுத்த சுள்ளியைப் பையில் போட்டு, மரம் இருக்கும் இடத்தைக் குறித்து, வனத்துறை ஆளிடம் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் அந்தப் பக்கத்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறார்கள், ஆள் போதவில்லை. உன் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டிய கண் எங்கள் யாரிடமும் இல்லை.

பாப்பாவின் ஷூ அளவை அனுப்பு, கணுக்கால் மூடுகிற மாதிரி ஒன்று வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே