லேக்கர்ஸின் பாதிப் பருவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான என்பிஏவின் 2021-22 பருவத்தில் 41 ஆட்டம் முடிந்து லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி கண்டது 21 வெற்றி, 20 தோல்வி. லெப்ரான், டேவிஸ், வெஸ்ட்புரூக் ஆகிய நட்சத்திரங்கள் மூவரும் இருந்த அணிக்கு அது போதவே போதாது. டேவிஸின் முழங்கால் காயம் ஒரு காரணம்தான். லெப்ரானிடம் பந்து இருக்கும்போது வெஸ்ட்புரூக் மூன்று புள்ளிக் கோட்டருகே (அதற்கு வெளியிலிருந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி) சும்மா நின்றார். அவரது தூர எறிதலுக்கு யாரும் அஞ்சவில்லை. அவரைத் தடுக்க வேண்டிய எதிரணி வீரர் கூடைக்கடியில் இறங்கிவிட, லெப்ரான் புகும் வழி அடைபட்டது. வெஸ்ட்புரூக்கை ஸ்கிரீன் போடவைத்து (எதிரணித் தடுப்பாளரின் வழியில் நின்று மறிக்கவைத்து), உடனே கூடையை நோக்கி ஓடவிட்டிருக்கலாம். லெப்ரான் சென்டராக (கூடைக்கு அருகே ஆடும் வீரராக) ஆட, மாலிக் மங்க், கார்மெலோ போன்றோர் வெளியே விரிந்து நிற்பதே அப்போதைக்குச் சிறந்த அமைப்பு. தடுப்பாட்டத்தில் வல்ல கருசோவைச் சிகாகோ அணிக்கு விட்டதுதான் பெருந்தவறு. வெளிவட்டத் தடுப்பு அன்றே தளர்ந்தது. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ள இருந்த 2022 பிப்ரவரி 10 கெடுவுக்குள் தடுப்பாட்டம் தெரிந்த ஒரு விங் (பக்கவாட்டில் ஆடும்) வீரரையாவது எடுத்திருக்க வேண்டும்.

– கூடைப்பந்து ரசிகர்