மருத்துவர் சங்க நகரக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கிளையில் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் வாசிப்பதுதான் வழக்கம். போன ஆண்டு நான் வாசித்து முடித்தபோது முன்வரிசையில் இருவரைத் தவிர எல்லோரும் டைனிங் ஹாலுக்குப் போயிருந்தார்கள். இந்த முறை தமிழில் முயன்று பார்க்கிறேன்.

உறுப்பினர்கள் 142 பேர். மாதக் கூட்டங்கள் 10. மருந்துக் கம்பெனி டின்னர் கொடுத்த நான்கு கூட்டங்களுக்கும் அரங்கு நிறைந்தது. மற்ற ஆறில் அதிகபட்ச வருகை 19. மருத்துவர் தினம், ரத்ததான முகாம், பள்ளிக் கண் பரிசோதனை எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமையைக் கண்டித்து ஆகஸ்ட் 17 அன்று 24 மணி நேர வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டோம். முன்பக்க ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓபி பார்த்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். இங்கே சொல்லப் போவதில்லை. நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டபோது கலெக்டரிடம் மனு கொடுத்தோம்.

இரண்டு மாதம் கழித்து நம் உறுப்பினர் ஒருவரின் மருத்துவமனையிலேயே கண்ணாடிக் கதவை உடைத்தார்கள். மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போடக் கேட்டோம். "அப்படி ஒரு ஆக்ட் இருக்கா சார்?" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். 2008-ல் வந்த சட்டம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். கடைசியில் சமாதானம் பேசி, கதவை உறுப்பினரே மாற்றிக்கொண்டார். பில்லிலும் தள்ளுபடி கொடுத்தார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் புலம்பியது காப்பீடு பற்றித்தான். பிப்ரவரியில் 20 படுக்கை மருத்துவமனை ஒன்றில் நான் நேரில் பார்த்ததை மட்டும் பதிவு செய்கிறேன். காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் எழுதிய டெங்கு நோயாளி, துணிப்பையை மடியில் வைத்தபடி இரவு ஏழரை வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பில்லைச் சரிபார்க்கும் இடைநிலை நிறுவனமான டிபிஏவிலிருந்து மூன்றாவது முறையாக அதே கேள்வி: "வெளிநோயாளியாக வைத்தே ஏன் சிகிச்சை அளிக்கவில்லை?" பிளேட்லெட் 24,000 என்ற ரிப்போர்ட் முதல் பதிலிலேயே போயிருந்தது. கேட்டவர் டாக்டரா, கிளார்க்கா என்றுகூடத் தெரியாது. நோயாளியின் மகன் கத்தியதோ எதிரில் நின்ற டாக்டரைப் பார்த்து.

காப்பீட்டு நிறுவனங்கள் தரும் கட்டணத்தை உயர்த்தக் கேட்டு ஒரே கடிதத்தில் கையெழுத்திடத் தீர்மானம் போட்டோம். பேசிவைத்து ஒரே ரேட் கேட்டால் 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் கார்டெல் என்று சிக்கல் வரலாம் என்றார் வக்கீல். நான்கு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 2010-லேயே ஒன்றுசேர்ந்து, நெட்வொர்க் என்ற பெயரில், சிகிச்சைக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேக்கேஜ் ரேட் வைத்தன. அவர்கள் சேர்ந்தால் நெட்வொர்க், நாம் சேர்ந்தால் கார்டெல்! சரியென்று ரேட்டை எடுத்துவிட்டு வெறும் கோரிக்கையாக எழுதினோம். அதிலும் 38 மருத்துவமனைகளில் 9 தான் கையெழுத்திட்டன. காப்பீட்டு நிறுவனப் பட்டியலில் இருக்கும் எம்பேனல்மென்ட் போய்விடுமோ என்று மற்றவர்களுக்குப் பயம். குறை சொல்ல மாட்டேன். நானே இரண்டு நாள் யோசித்துத்தான் போட்டேன்.

மூத்த உறுப்பினர் ஒருவர் 37 ஆண்டு நடத்திய நர்சிங் ஹோமை மார்ச்சில் மூடிவிட்டார். தீயணைப்புச் சான்று, மாசுக் கட்டுப்பாடு, கிளினிகல் எஸ்டாப்ளிஷ்மென்ட் பதிவு எல்லாம் தேவைதான். ஆனால் அதற்கென்றே ஆள் வைத்திருக்கும் 300 படுக்கைக்கும், மனைவியே கணக்கெழுதும் 15 படுக்கைக்கும் ஒரே ஃபைல். பிரசவ வார்டு இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை.

பெரிய மருத்துவமனைகளுக்குச் சம்பளத்துக்குப் போன இளம் உறுப்பினர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. மாத ரிவ்யூவில் "கன்வர்ஷன்" எவ்வளவு என்று திரையில் போடுகிறார்களாம்: ஓபியில் பார்த்தவர்களில் எத்தனை பேர் அட்மிஷன் ஆனார்கள் என்று. பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் மினிமம் கேரண்டி, அதாவது உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம், குறையும். பெயர் வேண்டாம் என்று சொல்லித்தான் ஒரு சர்ஜன் இதைச் சொன்னார்.

யாரிடம் போய் முறையிடுவது? பழைய மெடிக்கல் கவுன்சிலுக்கு நாம் ஓட்டாவது போட்டோம். அந்தக் கவுன்சில் ஊழல் புகாரில் சிக்கி 2010-ல் கலைக்கப்பட்டதையும் மறைக்க வேண்டாம். இன்றைய தேசிய மருத்துவ ஆணையத்தின் 33 பேரில் நாம் நேரடியாக ஓட்டுப்போட்டு அனுப்பியவர் ஒருவரும் இல்லை. 2023 ஆகஸ்டில் மருந்தை பிராண்ட் பெயரில் இல்லாமல் ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று அந்த ஆணையம் கொண்டுவந்த விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. நமக்கு வெற்றி என்று இனிப்பு கொடுத்தோம். அன்று மருந்துக் கம்பெனிகளும் அந்த விதிகளை எதிர்த்தன என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டோம். டிபிஏ விஷயத்தில் அப்படி ஒரு துணை நமக்கு இல்லை.

காப்பீட்டுக் கோரிக்கை மனுவோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு மூவர் போனோம்: தலைவர், பொருளாளர், நான். எங்களுக்குப் பிறகு வந்த ஆட்டோ ஸ்டாண்ட் சங்கத்தார் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களை முதலில் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வருவதற்குள் பொருளாளருக்கு எமர்ஜென்சி போன் வந்து கிளம்பிவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். 61 பேர் சந்தா பாக்கி. செயலாளர் பதவிக்கு மனுத்தாக்கல் தேதியை இருமுறை நீட்டித்தும் ஒரு மனுவும் வரவில்லை. என் பெயரை மறுபடியும் முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்கக் கோருகிறேன்.

செயலாளர்