தண்ணீருக்காக வந்தவர்கள்

அன்புள்ள கலியமூர்த்தி,

உன் கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடுகிற காலத்தில் நீ இன்னும் தாளில் எழுதி, அதைப் படம்பிடித்து அனுப்புகிறாய். அதற்காகவே உனக்கு நீளமாகப் பதில் எழுதத் தோன்றுகிறது. மாப்பிள்ளைக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்தது நல்ல செய்தி. முட்டி வலிக்குத் தைலம் தேய்த்தே காலம் தள்ளாதே, ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடு.

இங்கே சவூதியில் என்னைத் தம்மாமிலிருந்து ஹுஃபூஃபுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை அதேதான், பம்பு, மோட்டார், வால்வு. வெயிலைப் பற்றி எழுதி உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று பார்க்கிறேன்.

"அங்கே மணலும் பெட்ரோலும் தவிர என்னடா இருக்கிறது? எண்ணெய் கிடைக்கிறவரைக்கும் வெறும் பொட்டல்தானே" என்று கேட்டிருந்தாய். வரலாற்று வாத்தியார் நீயே இப்படிக் கேட்டால் எப்படி? ஹுஃபூஃபைச் சுற்றியுள்ள இந்த அல் ஹஸா பாலைவனச் சோலையில் 25 லட்சம் பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. 2018-ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர்கூட மழை இல்லாத ஊரில் இவ்வளவு பச்சை எப்படி வந்தது? பூமிக்கு அடியிலிருந்து. அரேபியாவில் மழை நன்றாகப் பெய்த ஒரு காலம் உண்டு. பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் பெய்த அந்த மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து, இங்கே ஊற்றுகளாகப் பொங்கியது. உம்மு சபா என்று ஓர் ஊற்று. அதிலிருந்து ஏழு வாய்க்கால் பிரிந்து ஓடியதாம். மோட்டார் இல்லாமல், ஏற்றம் இல்லாமல் தானாக வந்த தண்ணீர்.

நான் சொல்ல வருவது இதுதான்: இந்த ஊரைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவன்கூட எண்ணெய்க்காக வரவில்லை. தண்ணீருக்கும் அது விளைவித்த பேரீச்சைக்கும், அந்தப் பேரீச்சை தந்த வரிக்கும்தான் வந்தான். துருக்கிக்காரர்கள் 1871-ல் வந்து உட்கார்ந்தார்கள். 1913-ல் ரியாதிலிருந்து, பின்னால் சவூதி அரேபியாவின் அரசரான இப்னு சவூத் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களுடன் வந்து, ஹுஃபூஃப் கோட்டைச் சுவரில் ஏறி, விடிவதற்குள் ஊரைப் பிடித்துவிட்டார். துருக்கிப் படை சரணடைந்து கடற்கரைக்குப் போய்க் கப்பல் ஏறியது. காலுக்கடியில் என்ன கிடக்கிறது என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, போனவர்களுக்கும் தெரியாது. நடு அரேபியாவின் ஏழை அரசுக்கு ஒரு பச்சை நிலமும் ஒரு துறைமுகமும் தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

அந்தத் துறைமுகம்தான் உகைர். இப்போது பாழடைந்து கிடக்கிறது. 1922 கடைசியில் அங்கே கூடாரம் போட்டு, பெர்சி காக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி சிவப்புப் பென்சிலால் வரைபடத்தில் கோடு கிழித்தார். ஈராக், குவைத், நஜ்து (இப்னு சவூதின் அரசு) எல்லைகள் அப்படி வந்தவைதான். தனக்கென்று நினைத்திருந்த நிலத்தில் பெரும்பகுதி குவைத்தின் கையைவிட்டுப் போனது. குவைத்துக்கும் நஜ்துக்கும் பொதுவான நிலம் என்று ஒன்றை நடுவில் விட்டுவைத்தார், ஆடுமாடு மேய்க்கிறவர்கள் போய்வர. பிற்பாடு அங்கேயும் எண்ணெய் வந்தது. வராமல் இருக்குமா?

எண்ணெய்க் கதை உனக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1929-க்குப் பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் ஹஜ் பயணிகள் குறைந்து, அரசரின் கஜானா வற்றிவிட்டது. 1932-ல் பக்கத்துப் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1933 மே மாதம் அமெரிக்கக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது. முதல் தவணை 35,000 தங்கப் பவுன், ஜித்தாவில் டச்சு வங்கியின் மேசைமேல் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார்கள். தம்மாமில் தோண்டிய முதல் ஆறு கிணறுகள் ஏமாற்றின. ஏழாவது 1938 மார்ச்சில், சுமார் 1,440 மீட்டர் ஆழத்தில் கை கொடுத்தது. புவியியலாளர் மாக்ஸ் ஸ்டைனெக்கி பெயரை எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு மணலில் வழி காட்டிய கமீஸ் பின் ரிம்தான் என்ற பதூவியை, அதாவது பாலைவன நாடோடி அரபியைத்தான் எனக்குப் பிடிக்கும். பின்னால் ஓர் எண்ணெய் வயலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

உலகத்திலேயே பெரிய எண்ணெய் வயலான கவார், இந்தப் பேரீச்சந்தோப்புகளுக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. நீளம் 280 கிலோமீட்டர், அகலம் 30. பம்புக்காரனான எனக்கு இதில் வியப்பு வேறு. கடலோரம் குரய்யா என்ற இடத்தில் கடல்தண்ணீரைச் சுத்தம் செய்து, குழாயில் இவ்வளவு தூரம் கொண்டுவந்து, வயலின் ஓரங்களில் பூமிக்குள் இறக்குகிறார்கள். அந்த அழுத்தம் எண்ணெயை நடுவிலுள்ள கிணறுகளை நோக்கித் தள்ளுகிறது. ஆக, எண்ணெய் எடுப்பதற்கும் இங்கே தண்ணீர் வேண்டும். நரிமணத்தில் எண்ணெய்க் கிணறும் நெல் வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தவர்கள் நாம், உனக்கு இது புரியும்.

மதம் பற்றியும் கேட்டிருந்தாய். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. ஜுபைலில் நாலாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றின் இடிபாடு கிடக்கிறது. இங்கிருந்த அப்துல் கைஸ் கூட்டத்தார் நபிகளின் காலத்திலேயே இஸ்லாத்துக்கு வந்துவிட்டார்கள். மதீனாவுக்கு அடுத்து முதன்முதலாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடந்தது ஜவாத்தா பள்ளியில்தான் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு அல் ஹஸாவில் சன்னிகளும் ஷியாக்களும் கலந்து வாழ்கிறார்கள். வடக்கே கத்தீஃபில் பெரும்பாலும் ஷியாக்கள். எண்ணெயெல்லாம் நம் மண்ணில், நமக்கு வந்தது என்ன என்ற மனக்குறை அவர்களுக்கு ரொம்ப நாளாக உண்டு. 1979-ல் அது கலவரமாக வெடித்தது. 2014-ல் இங்கே தல்வா கிராமத்தில் முஹர்ரத்துக்குக் கூடியிருந்த ஷியாக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இறுதி ஊர்வலத்தில் சன்னிகளும் சேர்ந்து நடந்தார்கள். நமக்கோ, சாமி படமெல்லாம் ரூமுக்குள்தான், சத்தமில்லாமல்.

உனக்காகவே ஒரு கதை வைத்திருக்கிறேன். கர்மாத்தியர்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே தனி அரசு அமைத்த, ஷியா வழி வந்த ஒரு பிரிவினர். 930-ல் ஹஜ் நேரத்தில் மக்காவுக்குள் புகுந்து யாத்ரீகர்களை வெட்டி, கஅபாவிலிருந்த ஹஜருல் அஸ்வத் என்ற புனிதக் கறுப்புக் கல்லையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அது திரும்பிப் போனது 951-ல்தான். அந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் ரூமிலிருக்கும் கீழக்கரை பாய் முகம் சுளிப்பார். ஆனால் 1051-ல் இங்கே வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ பார்த்த ஊரே வேறு. மக்களிடம் வரி கிடையாது. அரசாங்க மாவு மில்லில் தானியத்தை இலவசமாக அரைத்துக்கொள்ளலாம். கைத்தொழில் தெரிந்த வெளியூர்க்காரன் வந்தால் கருவி வாங்க வட்டியில்லாமல் கடன் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறதா? அதே மனிதர் இன்னொன்றையும் எழுதிவைத்திருக்கிறார்: வயலில் பாடுபட 30,000 கறுப்பின அடிமைகள். இலவச மாவு யார் முதுகின் மேல் வந்தது என்று கேட்காமல் இந்த அரசைப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே நெல் விளைகிறது, தெரியுமா? ஹஸாவி அரிசி என்பார்கள், செக்கச் சிவப்பாக இருக்கும். நல்ல கோடையில், தேங்கின தண்ணீரில் வளர்கிற பயிர். பாஸ்மதியைவிடப் பல மடங்கு விலை. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற இதைத்தான் ஆக்கிக் கொடுப்பார்களாம். பொங்கலுக்கு ஒரு கிலோ வாங்கிக் குக்கரில் வைத்தேன். குழையவே இல்லை, ஆறேழு விசில் விட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. வெல்லம் போட்டதும் நம் வீட்டு மாப்பிள்ளைச் சம்பா வாசனை.

அந்த நெல்லை இப்போது மிகக் கொஞ்சம் பேர்தான் போடுகிறார்கள், தண்ணீர் இல்லை. போர்வெல் பெருகப் பெருக ஊற்றுகளின் மட்டம் இறங்கிப் போனது. போன நூற்றாண்டின் கடைசியில் தானாகப் பொங்குவது நின்றே போய்விட்டது. 1980-களில் நாடு முழுக்கக் கோதுமை விளைவிக்கிறேன் என்று நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளி, 2016-ல் அரசாங்கமே கோதுமைக் கொள்முதலை நிறுத்தியது. இன்றைக்குத் தோப்புகளுக்குப் பாய்வதில் பெரிய பங்கு சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர், அல் கோபரிலிருந்தும் குழாய் போட்டு வருகிறது. அதில் ஒரு பம்ப் ஹவுஸ்தான் என் பொறுப்பு. எண்ணெய் தீர்ந்தால் என்ன ஆகும் என்று உலகமே பேசுகிறது. அதற்கு முந்தைய சொத்து தீர்ந்ததைப் பற்றி எங்கள் பம்ப் ஹவுஸுக்கு வெளியே யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அப்புறம், உன் மோட்டார் விஷயம். போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பெரிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். ஆகாது. வேகமாக இழுத்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடு. ஈ.சி. அளவு, அதாவது தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு, எழுதித் தருவார்கள், அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு. அதுவரை மோட்டாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ராஜேந்திரன்